ஐந்து பிள்ளைகள் இருந்தால் மாதம் 1,500 ரூபாய்

1971 ஜூலையில் எறணாகுளம் டவுன் ஹாலில் மாதம் முழுக்கத் திருவிழாக் கோலம். தோரணம், ஊர்வலம், ஒலிபெருக்கி, வரிசையில் காத்து நின்ற ஆண்கள். உள்ளே போனவருக்குச் சில நிமிடங்களில் கருத்தடை ஆபரேஷன் முடிந்துவிடும். வெளியே வரும்போது கையில் பணமும் பொருள்களும் இருக்கும். மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் முன்னின்று நடத்திய அந்த முகாமில் ஒரே மாதத்தில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த கணக்கு அது.

2021 ஜூலையில், அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பாலா சீரோ மலபார் கத்தோலிக்க மறைமாவட்டத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. 2000க்குப் பிறகு திருமணமாகி, ஐந்தோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய். நான்காவது பிள்ளை முதல் மறைமாவட்டத்தின் மருத்துவமனையில் பிரசவச் செலவு இலவசம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வந்தால் மறைமாவட்டத்தின் பொறியியல் கல்லூரியில் கல்விக்கட்டணச் சலுகை. எதிர்ப்பு கிளம்பியது, கிண்டல் கிளம்பியது. ஆயர் ஜோசப் கல்லறங்காட் பின்வாங்கவில்லை. சில நாட்களில் பத்தனம்திட்டை சீரோ மலங்கரை மறைமாவட்டமும் பெரிய குடும்பங்களுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று தன் பங்குக்கு அறிவித்தது.

இடையில் சரியாக ஐம்பது வருடங்கள். இந்த ஐம்பது வருடங்களில் கருத்தடை பற்றிய கத்தோலிக்கச் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் "செய்தால் பாவம்" என்று கட்டளை போட்ட திருச்சபை, "பெற்றுக்கொள்ளுங்கள், நாங்கள் உதவுகிறோம்" என்று கேட்டுக்கொள்ளும் இடத்துக்கு வந்து நிற்கிறது. கட்டளைக்கு ஆள் கிடைக்காத இடத்தில்தானே சலுகை அறிவிக்க வேண்டி வருகிறது?

சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1930க்குப் போக வேண்டும். அதுவரை கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லுத்தரன் என்று எந்தச் சபையும் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. அந்த ஆகஸ்டில் லண்டன் லாம்பெத் அரண்மனையில் கூடிய ஆங்கிலிக்க ஆயர்கள், தகுந்த காரணம் இருக்குமானால் தம்பதியர் மனசாட்சிப்படி முடிவெடுக்கலாம் என்று 193க்கு 67 என்ற வாக்கில் தீர்மானம் போட்டார்கள். ரோம் நான்கு மாதத்தில் பதில் சொன்னது. டிசம்பர் 31 அன்று திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 'காஸ்தி கொன்னூபீ' என்ற சுற்றுமடலில் கதவை அடித்துச் சாத்தினார். ஒரு சபை திறந்துவிட்டதால்தான் இன்னொரு சபை அவ்வளவு அழுத்திச் சாத்தியதோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

சாத்திய கதவில் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்தது. பெண்ணுக்குக் கருத்தரிக்காத நாட்களும் மாதத்தில் உண்டு என்பதை ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் கணக்கிட்டிருந்தார்கள். அந்த நாட்களைப் பார்த்து உறவுகொள்வது, தக்க காரணம் இருந்தால் குற்றமில்லை என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் சொன்னார். அதைச் சொன்னது இத்தாலிய மருத்துவச்சிகளின் கூட்டத்தில். யாரிடம் சொன்னால் வீடுவீடாகப் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து மாத்திரை வந்தது. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் ராக், தினமும் பூசைக்குப் போகிற பாஸ்டன் கத்தோலிக்கர். இயற்கையான ஹார்மோனைப் போன்றதுதானே இது, திருச்சபை ஏற்கலாமே என்று புத்தகமே எழுதினார். திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவான் 1963இல் ஆறு பேர் கொண்ட ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தார். அவருக்குப் பின் வந்த ஆறாம் பவுல் அதை எழுபது பேரைத் தாண்டி விரித்தார். இறையியலாளர்கள், மருத்துவர்கள், கர்தினால்கள், பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ். கல்யாணமான தம்பதியரும் சிலர் இருந்தார்கள்.

அந்தத் தம்பதியரில் சிகாகோவைச் சேர்ந்த பாட் குரோலியும் பாட்டி குரோலியும் முக்கியமானவர்கள். குடும்ப வாழ்வைப் பற்றிப் பேச ரோமுக்கு அழைக்கப்பட்ட இந்தக் கணவன் மனைவியைத் தனித்தனியாகத் தங்கவைத்தார்கள். அவர் ஆண்களோடு ஒரு குருமடக் கல்லூரியில், இவர் அதற்கு அப்பால் ஒரு கன்னியர் மடத்தில். அந்தக் குழுவின் முழுக் கதையும் எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே அடங்கிவிடுகிறது. குரோலி தம்பதியர் வெறுங்கையோடு போகவில்லை. பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதியர் எழுதிய கடிதங்களை மூட்டையாகக் கொண்டுபோனார்கள். நாள் எண்ணுவதும், காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர் வைப்பதும், எண்ணிக்கை தவறி இன்னொரு பிள்ளை வருவதும், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தே பயப்படுவதும் அந்தக் கடிதங்களில் இருந்தன. பக்தியில் குறையில்லாத மனிதர்கள் எழுதியவை அவை. அதுவரை இதைப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த இறையியலாளர்கள் சிலர் அசைந்துபோனார்கள்.

1966இல் குழுவில் பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டும் என்றார்கள். சிறுபான்மையினரின் வாதம் வேறு திசையில் போனது. இன்றைக்கு மாற்றினால் 1930இல் ஆங்கிலிக்கர்கள் சொன்னது சரி, நாம் சொன்னது பிழை என்று ஆகிவிடாதா என்றார்கள். கருத்தடை தவறா சரியா என்ற கேள்வி, திருச்சபை தவறுமா தவறாதா என்ற கேள்வியாக மாறிவிட்டது. ரகசிய அறிக்கைகள் 1967இல் பத்திரிகையில் கசிந்தன. மாற்றம் வரப்போகிறது என்று உலகமெங்கும் எதிர்பார்த்திருந்தார்கள். சில பங்குகளில் குருக்களே, பொறுத்திருங்கள், நல்ல சேதி வரும் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். 1968 ஜூலையில் ஆறாம் பவுலின் 'ஹூமானே வீத்தே' சுற்றுமடல் வந்தது. பழைய சட்டமே தொடரும்.

கனடா ஆயர்கள் அந்தச் செப்டம்பரில் வின்னிபெக்கில் கூடி, நேர்மையாக முயன்றும் கடைப்பிடிக்க முடியாதவர்கள் மனசாட்சிப்படி நடக்கலாம் என்ற பொருளில் அறிக்கை விட்டார்கள். அமெரிக்காவில் இறையியலாளர்கள் பகிரங்கமாக எதிர்த்தார்கள். கேரளத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. எதிர்த்துப் பேசும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. வேறொன்று நடந்தது.

அன்றைய மத்தியத் திருவிதாங்கூர்க் கத்தோலிக்க வீட்டை நினைத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டம், ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருவன் குருமடத்துக்கு, ஒருத்தி மடத்துக்கு, இன்னொருத்தி நர்ஸ் படித்து ஜெர்மனிக்கோ வளைகுடாவுக்கோ. கடைசி இரண்டு பேர் நிலத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பாவசங்கீர்த்தனத்தில், கடைசிப் பிள்ளை பிறந்து எத்தனை வருடமாயிற்று என்று சாமியார் கேட்பார். பதில் சொல்ல வேண்டும். வட இந்தியாவின் மிஷன் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மலையாளக் கன்னியர்கள் இல்லாத ஊரே இல்லை என்று ஆனதற்கு இந்தப் பெரிய குடும்பங்கள்தான் ஊற்றுக்கண்.

அந்த வீட்டுப் பெண் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களைப் படிக்கவைத்ததும் பெரும்பாலும் திருச்சபை நடத்திய பள்ளிகள்தான். படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள், தாமதமாகக் கல்யாணம் செய்தார்கள், இரண்டு பெற்றார்கள், நிறுத்தினார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரோடும் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையையும் விடவில்லை, நற்கருணை வாங்குவதையும் விடவில்லை. 1980களின் கடைசியிலேயே கேரளத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள் என்ற நிலை வந்துவிட்டது. 2019-21 குடும்பநல ஆய்வில் அது 1.8. 1961இல் மாநில மக்கள்தொகையில் 21 சதவீதத்துக்கு மேலிருந்த கிறிஸ்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 18.4 சதவீதம். பாவசங்கீர்த்தனத்தில் அந்தக் கேள்வி எப்போது நின்றது என்று தேதி சொல்ல முடியாது. பதில் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு கேட்பதில் யாருக்கும் சுவாரசியம் இருந்திருக்காது.

திருச்சபை சொன்னதில் ஒன்று மட்டும் பலித்தது. அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. கருத்தடையை ஒப்புக்கொண்டால் நாளைக்கு அரசாங்கங்கள் அதைக் குடும்பங்கள்மேல் திணிக்கத் துணியும் என்று 'ஹூமானே வீத்தே' எச்சரித்திருந்தது. எட்டே வருடத்தில் அது இந்தியாவில் நடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள். இலக்கு வைத்து, ஆள் பிடித்து, சம்பளத்தையும் ரேஷனையும் நிறுத்துவோம் என்று மிரட்டிச் செய்தவை அவற்றில் ஏராளம். எறணாகுளத்தில் திருவிழாவாகத் தொடங்கியது வடக்கே வேட்டையாக முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இன்று கேரளத்தில் மணமான பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர் தேறினாலே அதிகம். அறுபதாயிரம் ஆண்கள் வரிசையில் நின்ற அதே மாநிலத்தில்!

திருச்சபை தன் மாற்று வழியைக் கைவிடவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் தம்பதியர் வகுத்த முறை இந்தியாவுக்கும் வந்தது. திருமண முன்தயாரிப்பு வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த அட்டை நினைவிருக்கும். மாதவிலக்கு நாளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், உலர்ந்த நாளுக்குப் பச்சை, கருத்தரிக்கக்கூடிய நாளுக்கு வெள்ளையில் ஒரு குழந்தைப் படம். ஒரு டாக்டரோ கன்னியரோ விளக்குவார். மாப்பிள்ளைகள் செல்போனைப் பார்ப்பார்கள், பெண்கள் தலைகுனிந்து சிரிப்பை அடக்குவார்கள், சந்தேகம் உண்டா என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முறையைக் குறை சொல்ல வரவில்லை. தன் உடம்பை அறிந்துகொள்வது எந்தப் பெண்ணுக்கும் நல்லதுதான். அன்னை தெரசா 1979இல் நோபல் பரிசு வாங்கியபோது, தம் சபைக் கன்னியர்கள் இயற்கை வழியைக் கற்றுத்தந்ததால் கல்கத்தாவில் ஆறு வருடத்தில் 61 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிறப்புகள் குறைந்ததாகப் பெருமையோடு சொன்னார். பிறப்பைக் குறைப்பதைப் பெருமையாகச் சொல்லும் காலமாக அது இருந்திருக்கிறது, கத்தோலிக்க மேடையிலும்கூட.

காற்று திசை மாறியது 2000க்குப் பிறகு. 2011இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை என்று கேரள அரசுக்குப் பரிந்துரைத்தது. ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே வருடம் வயநாடு கல்பற்றாவில் ஒரு பங்கு ஆலயம் ஐந்தாவது குழந்தைக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தது. அபராதத் தொகையும் பரிசுத் தொகையும் ஒன்றாக அமைந்தது தற்செயலா என்று தெரியவில்லை, கணக்கு மட்டும் கச்சிதம்.

ரோமிலும் குரல் தணிந்தது. 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்போலப் பெற்றுத் தள்ள வேண்டியதில்லை என்றார். மக்கள்தொகை நிலைபெற மூன்று பிள்ளைகள் போதும் என்று வல்லுநர்கள் சொல்வதாகவும் குறிப்பிட்டார். பெரிய குடும்பத்தார் மனம் புண்பட்டதாகச் சேதி வந்ததும், இரண்டே நாளில் அவர்களைப் பாராட்டிப் பேசினார். சட்டத்தைத் தொடவில்லை. திருத்தந்தை விமானத்தில் மூன்று என்றார், பாலா ஆயர் ஐந்து என்றார். கேட்கிறவர்கள் வீட்டில் ஒன்றோ இரண்டோ.

ஆயரின் கவலையைக் கேலி செய்வது சுலபம். 2001க்கும் 2011க்கும் நடுவே பத்தனம்திட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை மூன்று சதவீதம் குறைந்தது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளும் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்க இங்கே தனித்திருக்கும் முதியவர்களும் அங்கே கண்ணால் காண்கிற சங்கதி. குருமடத்துக்கு வர இளைஞர் குறைந்திருக்கிறார்கள். ஒரே மகனை யார் குருமடத்துக்கு அனுப்புவார்கள்? இந்தக் கவலை ஆயர்களோடு நிற்கவும் இல்லை. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெறுங்கள் என்றார். அதே வாரத்தில் சென்னையில் ஒரு கல்யாண மேடையில் மு.க. ஸ்டாலின், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் நிலை வந்தால் பதினாறு பெற்றால் என்ன என்று நம் பழைய வாழ்த்தை எடுத்துப் போட்டார். அரை நூற்றாண்டாக 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதிய அரசுகள், ஆயர்களோடு ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எந்த மேடையிலும், பெற்று வளர்க்கப்போகிறவளுக்கு மைக் கொடுத்ததாகச் சேதி இல்லை.

1,500 ரூபாயை ஐந்தால் வகுத்தால் பிள்ளைக்கு மாதம் 300, நாளைக்குப் பத்து. பாலாவில் எந்தத் தாயும் இதை நம்பி ஐந்தாவதுக்குத் துணியமாட்டாள் என்பது மறைமாவட்டத்துக்கும் தெரியும். ஏற்கெனவே பெற்றுவிட்டவர்களுக்கு, அதுவும் கொரோனா காலத்தில், ஒரு கைத்தாங்கல் என்றுதான் பிறகு விளக்கினார்கள். அந்த விளக்கத்தை நான் நம்புகிறேன்.

பாவசங்கீர்த்தனத்தில் மங்கிப்போன சட்டம் இன்று உயிரோடு இருப்பது ஆபரேஷன் தியேட்டரில். கத்தோலிக்க மருத்துவமனைகள் கொள்கைப்படி கருத்தடை ஆபரேஷன் செய்வதில்லை. இரண்டாவது பிரசவம் சிசேரியன் என்று முன்கூட்டியே தெரிந்தால், பூசை தவறாத பெண்ணும் அந்தக் கையோடு கருக்குழாயைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுவாள். எட்டு மாதம் கன்னியர்கள் நடத்தும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, ஒன்பதாவது மாதம் ஃபைலை வாங்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ வேறு தனியார் மருத்துவமனைக்கோ போவாள். ஏன் போகிறாய் என்று டாக்டர் கேட்பதில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் குழந்தைக்கு ஞானஸ்நானத் தேதி குறிக்கப் பங்குத்தந்தையிடம் வருவாள். அவரும் கேட்பதில்லை.