நிழலில் எதை நடுவோம்?

பள்ளிக்கும் வீட்டிற்கும் அழகு தருவது பூந்தோட்டம். ஆயினும், தூங்குமூஞ்சி மரத்தடியிலும் கட்டடத்தின் பின்புறத்திலும் நாம் ஆசையோடு நடும் பூச்செடிகள் பல, நீண்டு மெலிந்து, பூவாமலே மடிகின்றன. பணமும் உழைப்பும் வீணாவதோடு, "என் கை ராசியில்லாத கை" என்று நட்ட பிள்ளையின் உள்ளமும் சோர்ந்துவிடுகின்றது.

இதன் காரணத்தை அறிதல் வேண்டும். பச்சை இலைகள் கதிரவன் ஒளியைக் கொண்டே செடிக்கு வேண்டிய உணவை ஆக்குகின்றன. பூப்பது செடிக்குப் பெருஞ்செலவு. வருவாய் குறைந்த குடும்பம் திருவிழாச் செலவை ஒதுக்கி, அன்றாட உணவை மட்டும் பார்த்துக்கொள்வது போன்று, ஒளி குறைந்த செடியும் பூவை விடுத்து உயிரைக் காக்கவே முயல்கின்றது.

பெரணியோ பூக்கும் இனமன்று. அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்புப் புள்ளிகளையோ கோடுகளையோ காணலாம். அவற்றிலுள்ள தூள் போன்ற நுண்வித்துகளால் அது பெருகுகின்றது. பெரணிகளுள் பல, காட்டு மரநிழலில் வாழப் பழகியவை. செம்பனை மரத்தில் அடர்ந்திருக்கும் பெரணியை நாள்தோறும் காண்கின்றோம். மரக்கிளையில் வளரும் பறவைக்கூட்டுப் பெரணி, உதிரும் சருகுகளைத் தன் நடுவில் ஏந்தி, அவை மக்கியதும் உரமாகக் கொள்கின்றது.

ஆகவே, நடுமுன் நிழலை அளந்தறிவோம். விடுமுறை நாளொன்றில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, மணிக்கொரு முறை அவ்விடத்தில் வெயில் படுகின்றதா என்று குறித்துக்கொள்க. காலையில் 3 அல்லது 4 மணி நேரம் வெயில் கிடைக்குமாயின் கனகாம்பரம் நடலாம். அது பல்லாண்டு வாழும், அரைநிழலிலும் பூக்கும், தாய்மார் கூந்தலுக்கும் ஆகும். வெயிலே படாத இடமாயின் பெரணியே தக்கது. மக்கிய சருகும் ஈரமும் அதற்கு வேண்டும். வேரடியில் நீர் தேங்கலாகாது.

அந்தூரியம் நிழலிலும் பூக்கும் என்பது உண்மையே. ஆனால், அதன் சாறு வாயிலும் தோலிலும் எரிச்சலூட்டும். சிறுவர் விளையாடும் இடத்தில் அதனைத் தவிர்த்தல் நலம்.

ஒரே மரத்தடியில் இரண்டையும் வளர்க்கவும் வழியுண்டு. உட்பகுதியில் பெரணியும், வெயில் எட்டும் விளிம்பில் கனகாம்பரமும் நடலாம். இனி ஒரு செடி வாடினால், பிள்ளையின் கையைக் குறை கூறாது, முதலில் அச்செடி நிற்கும் இடத்தைப் பார்ப்போமாக!