கல்லூரி செல்லும் பெண் பிள்ளைகள்: பெற்றோர்கள் கவனத்திற்கு

2024 டிசம்பர் 23 அன்று இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி ஞானசேகரன் அங்கு மாணவனும் இல்லை, ஊழியனும் இல்லை. கோட்டூர்புரத்தில் சாலையோரம் பிரியாணி விற்றவன். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டுகளுக்குக் குறையாமல், எந்தச் சலுகையும் இன்றி அவன் சிறையில் இருக்க வேண்டும் என்றும் கூறியது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து தினமும் மின்சார ரயிலேறி கிண்டிக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் ஏராளம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். எனவே இந்தச் செய்தி வந்தபோது நம் வீடுகளில் எழுந்த முதல் கேள்வி, "படிப்பை நிறுத்திவிடலாமா?" என்பதாகவே இருந்தது. அச்சம் நியாயமானது. ஆனால் முடிவு தவறானது என்பதே நம் கருத்து.

அவன் கையில் எடுத்த ஆயுதம் என்ன? எடுத்த வீடியோவை வெளியிட்டுவிடுவேன் என்ற மிரட்டல். அதாவது, கல்லூரிக்கும் வீட்டுக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம். நடந்ததைச் சொன்னால் அத்தா படிப்பை நிறுத்திவிடுவார் என்று பிள்ளை நினைத்தால் அவள் வாய் திறக்கமாட்டாள். குற்றவாளிக்கு வேண்டியதும் அதுதான். அந்த மாணவி வாயை மூடிக்கொள்ளவில்லை. மறுநாளே காவல் நிலையத்தில் புகார் பதிவானது. சில நாட்களில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்து, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அவர்களில் ஒருவர் அய்மன் ஜமால். அவர் வீட்டிலும் அன்று படிப்பை நிறுத்தியிருந்தால்?

"அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டுகிறோம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில், தொழுகைக்காக வெளியே சென்ற ஒரு பெண்ணை ஒருவன் பலவந்தப்படுத்திய செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது. நபியவர்கள் அந்தப் பெண்ணைத் தண்டிக்கவில்லை, போகச் சொல்லிவிட்டார்கள். பெண் தனக்கு நேர்ந்ததை வெளியே சொல்வது மானக்கேடு என்ற எண்ணம் நம் ஊர் வழக்கத்திலிருந்து வந்தது, மார்க்கத்திலிருந்து அல்ல.

இந்த வழக்கில் வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு சிலரும் உண்டு. முதல் தகவல் அறிக்கை வெளியில் கசிந்ததும் அதை வாட்ஸ்அப்பில் பரப்பியவர்கள். பாதிக்கப்பட்டவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பேசப்பட்டபோது, அதைக் காதால் கேட்டு வாயால் பரப்பியவர்களையும் அல்லாஹ் கண்டித்ததை சூரா அந்நூரில் ஓதுகிறோம். நம் மஹல்லா குழுக்களில் அப்படி எது வந்தாலும் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள்.

அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். அப்படி ஒன்று நேர்ந்துவிட்டால், அழுது நேரத்தைக் கழிக்காமல் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். ரயிலில் என்றால் 139. சம்பவம் கிண்டியில் நடந்தது, நாங்கள் இருப்பது தாம்பரம், எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்று அலைய வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பிறகு உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்றிக்கொள்வார்கள். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே எழுத வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசம், மறுக்க முடியாது.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று: பிள்ளையை உடனே குளிக்கச் சொல்வார்கள். கூடாது. மருத்துவப் பரிசோதனை முடியும்வரை குளிப்பைத் தள்ளிப்போடுவதில் குற்றமில்லை. உடுத்திய துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். மிரட்டல் மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

கல்லூரிக்குள் கேலி, சீண்டல் என்றால் அங்குள்ள உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தரலாம். அட்மிஷன் நாளன்று கட்டணம் எவ்வளவு, பஸ் உண்டா என்று விசாரிக்கும் நாம், அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இருட்டிய பிறகு எந்த வாயிலில் காவலாளி இருப்பார், எந்தப் பாதையில் விளக்கு எரியாது என்பது பிள்ளைக்குத்தான் தெரியும். திட்டாமல் கேட்டால் சொல்வாள். இன்று மஃரிபுக்குப் பிறகு உட்கார்ந்து கேளுங்கள்.