சொன்னதைச் செய்பவரும் தானாகச் செய்பவரும்

பாடசாலை அலுவலகத்திலும் நூலகத்திலும் ஒட்டப்பட்டிருக்கும் சிட்டைகளை நாம் அன்றாடம் காண்கிறோம். கோவைக்கு ஓர் இலக்கம், தும்புத்தடிக்கு ஓர் இடம், மின்விசிறியின் ஆளிக்கு ஒரு குறி. 'ஐந்து எஸ்' என்று இதற்குப் பெயர். மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் இதற்கு உயிர் வருவதும், குழு போனதும் உறங்கிவிடுவதும் பல அலுவலகங்களில் நடப்பதுதான். அதனால் இதை வெறும் துப்புரவு வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். ஏவினால் மட்டும் அசையும் ஊழியர், தன் வேலையைத் தனதென்று எண்ணத் தொடங்குவதற்கான வழியாக இதைப் பயன்படுத்திய ஓர் இடம் கொழும்பிலேயே இருக்கிறது.

பொரளையில் உள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, தாய்மாரும் சிசுக்களும் நிறைந்த பெரிய அரச மருத்துவமனை. 2000ஆம் ஆண்டளவில் அதன் பணிப்பாளராக இருந்த வைத்தியர் விமல் கரந்தகொட, ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த ஐந்து எஸ் முறையை அங்கு அறிமுகப்படுத்தினார். வேண்டாததை அகற்றுதல், வேண்டியதை ஒழுங்குபடுத்தல், சுத்தம் பேணல், அவற்றை எல்லா இடத்திலும் ஒரே நியமமாக்கல், அதைப் பழக்கமாக்கிக்கொள்ளல் என்ற ஐந்துக்குமான ஜப்பானியச் சொற்கள் 'எஸ்' ஒலியில் தொடங்குவதால் வந்த பெயர் அது.

அரச வைத்தியசாலைப் பணிப்பாளர் ஒருவரால் நினைத்தபடி சம்பளத்தைக் கூட்ட முடியாது. போனஸ் கொடுக்கவும் முடியாது. அவரால் கொடுக்கக்கூடியது ஒன்றுதான்: வேலையைப் பற்றிப் பேசும் உரிமை. பிரிவுகள்தோறும் வேலை மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தமது பிரிவில் எது தடங்கலாக இருக்கிறது என்பதை அங்கே வேலை செய்பவர்களே கண்டு, அவர்களே பேசி, அவர்களே திருத்த வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை.

இது ஏன் முக்கியம்? ஓர் உதாரணத்துக்கு, பிரசவத்தின்பின் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவசர மருந்துத் தள்ளுவண்டியில் எந்த மருந்து எந்த இழுப்பறையில் என்று தேடும் நிமிடங்கள் உயிரின் விலையுடையவை. அந்த வண்டியின் ஒரு சக்கரம் சிக்கிக்கொள்கிறது என்பது பணிப்பாளருக்குத் தெரியாது. தினமும் அதைத் தள்ளும் சிற்றூழியருக்குத் தெரியும். அவர் வாய் திறப்பாரா என்பதே கேள்வி. முன்னொரு நாள் சொல்லி, “உன் வேலையைப் பார்” என்ற பதிலைக் கேட்டிருந்தால் திறக்கமாட்டார்.

காசல் வீதியில் ஏற்பட்ட மாற்றம் கடல் கடந்தது. 2007 முதல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம், தான்சானியா, உகண்டா, கென்யா, செனகல் முதலான ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளுக்கு இந்த முறையைக் கற்பித்தபோது, அதற்கு மாதிரியாகக் காட்டியது நமது நாட்டின் இந்த வைத்தியசாலையைத்தான்.

“நம் ஆட்கள் திருந்தமாட்டார்கள்” என்று சொல்வோருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பிரீமொண்ட் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் நடத்திய கார் தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது. வேலைக்கு வராமை, ஓயாத தகராறு, பழுதான கார்கள் என்று அது பெயர் கெட்டிருந்தது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக அதே தொழிற்சாலை மீண்டும் இயங்கியது. எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அதே பழைய ஊழியர்கள். முன்பு, என்ன பழுது நேர்ந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக்கூடாது. இப்போதோ ஒவ்வொருவரின் கையெட்டும் தூரத்தில் ஒரு கயிறு; பழுதைக் கண்டால் யாரும் இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் ஓடி வருவார், திட்டுவதற்கு அல்ல, உதவுவதற்கு. சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்து வந்த கார்கள் ஜப்பானில் செய்தவற்றுக்கு நிகராக மதிக்கப்பட்டன. ஆட்கள் மாறவில்லை, கயிறும், கயிற்றை இழுத்தபின் கேட்ட முதல் சொல்லும் மாறின.

கலேவெல நகரில் கடை வைத்திருக்கும் வாப்பாமாரும், தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி வியாபாரம் செய்வோரும் இதைத் தமக்குத் தொடர்பில்லாத பெரிய இடத்துக் கதையாக எண்ண வேண்டியதில்லை. கடைச் சாவியையே அமானிதமாக ஒப்படைத்திருக்கும் முதலாளி, பழுதான ஒரு கிலோ தக்காளியை மாற்றிக் கொடுக்கும் முடிவை மட்டும் அந்தப் பையனிடம் விடமாட்டார். வாடிக்கையாளர் நிற்க, அவன் தொலைபேசியில் முதலாளியைத் தேடுகிறான். பிறகு, “இவனுக்குச் சுயபுத்தியே இல்லை” என்ற குறை வேறு! இவ்வளவு ரூபாய் வரை நீயே தீர்மானிக்கலாம் என்று ஓர் எல்லையைச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதில் ஒரு மோசடிக்கும் இடமுண்டு. “இது உங்கள் நிறுவனம்” என்று இனிக்கப் பேசி, மேலதிக நேர வேலையைச் சம்பளமின்றி வாங்கும் இடங்கள் இருக்கின்றன. நாளை ஆடைத் தொழிற்சாலைக்கோ வங்கிக்கோ போகவிருக்கும் நம் மாணவியர் இதை அறிந்திருப்பது நல்லது. பொறுப்பைத் தருபவர் அதற்கான அதிகாரத்தையும் தருகிறாரா, தவறு நேர்ந்தால் கூட நிற்கிறாரா, உழைப்புக்குரியதைக் கணக்கிட்டுக் கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலும் இதற்குப் பயிற்சி கொடுக்கலாம். ஒரு வாரத்துக்கான மரக்கறிச் செலவை மகளிடம் ஒப்படைத்து, என்ன வாங்குவது என்பதை அவளே தீர்மானிக்க விடுங்கள். புதன்கிழமையே காசு முடிந்துவிட்டால் உம்மா உடனே பையை வாங்கிக்கொள்ளாமல், மீதி நாட்களை எப்படிச் சமாளிக்கப் போகிறாய் என்று கேட்டால் போதும்.