இரண்டு ஸ்ரீ

உள்ளே விடு, உள்ளே விடு என்று எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்! கடைசியில் நேற்றுத்தான் அந்த மாடியறைக் கதவு எனக்குத் திறந்தது. நல்லூர்க் கோயிலடியிலிருந்து நடக்கிற தூரம்தான். மேசையில் ஆறிப்போன பிளேன்ரீ. கோயில்களைத் தேடும் செயலி எழுதும் தம்பி திரையை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ!"

திரையில் ஸ்ரீ என்ற எழுத்து இரண்டு தரம். ஒரு சுழி வித்தியாசம் இல்லை. முதலாவதைப் போட்டுத் தேடினால் நல்லூர் கந்தசுவாமி கோயில் வருகிறது. இரண்டாவதைப் போட்டால் ஒன்றுமே இல்லை! எனக்குப் புல்லரித்துவிட்டது.

கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோடில் ஸ என்பது 3000. ஆரம்பத்தில் ஸ்ரீயை அதைக்கொண்டுதான் கோத்தார்கள். 2005இல் 4.1 பதிப்பு வந்தபோது ஶ என்ற எழுத்துக்கு 2998 என்று தனியிடம் கிடைத்தது. அதன்பின் அதைக்கொண்டும் ஸ்ரீ கோக்கிறார்கள். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒன்றாகவே வரைகின்றன. கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டிய 'கொ'வும் ஒரே குறியாகத் தட்டிய 'கொ'வும் சமம் என்று யூனிகோடிலேயே விதி உண்டு. ஸ்ரீக்கு அப்படி விதியே இல்லை! செயலி எழுதுகிறவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தேடல் இப்படிப் பிழைத்ததற்குத் தம்பி வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. நல்லூரின் 25 நாள் திருவிழா நேரம் வேறு. 'தமிழ் தெரியாதவன் செய்த வேலை' என்றுகூட எழுதினார்கள். தன் கோயிலின் பெயரைத் தேடி இல்லை என்று வந்தால் யாருக்குத்தான் சுடாது? 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் பிழைகளோடு வெளிவந்தபோது ரசிகர்கள் கொதித்த கொதிப்பில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்தது. அவ்வளவு பலம் கோபத்துக்கு உண்டு. ஆனால் எந்த இடத்தில் உடைந்தது என்று அது காட்டாதே!

"என்ர போனில எல்லாம் சரியாத்தானே வருது எண்டு மூண்டு நாள் மண்டையைப் பிச்சன்" என்றான்.

நாலாம் நாள் ஓர் அம்மாவின் செய்தி. என்ன போன், எந்த விசைப்பலகை, எதைத் தட்டினார், எது வரவேண்டும், எது வந்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசியில், தான் தட்டிய ஸ்ரீயை அப்படியே ஒட்டியும் அனுப்பியிருந்தார். அந்த ஒட்டிய எழுத்துத்தான் புதையல்! பிரித்துப் பார்த்தால் 2998. இவன் பட்டியல் முழுக்க 3000.

என் கண்முன்னாலேயே இரண்டு வரி எழுதினான். தேடினோம். இரண்டு ஸ்ரீக்கும் நல்லூர் வந்தது! நான் கத்தியேவிட்டேன். அவன் போனை எடுத்தான்.

"முதல்ல அந்த அம்மாவுக்குச் சொல்லோணும் அண்ணை."