கருநீலம் ஒன்றா, பலவா?



நம் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையை ஒட்டிய நீண்ட சுவரை நீங்கள் நாள்தோறும் கடந்து செல்கிறீர்கள். மேலே வெள்ளை, கீழே நான்கடி உயரத்திற்குக் கருநீலம். கைபட்ட அழுக்கும் மழைச்சேறும் கண்ணில் படாதிருக்கவே கீழ்ப்பகுதிக்கு அந்நிறத்தைத் தேர்ந்தோம். அச்சுவரின் கடைக்கோடியில் பதினைந்தடி நீளத்திற்கு ஒரு பகுதி மட்டும் சில மாதங்கள் தனித்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். காலை வெயிலில் வேறுபாடு தெரியாது. பொழுது சாய்ந்து மஞ்சள் விளக்கைப் போட்டவுடன் அப்பகுதி ஊதாவாகி, சட்டையில் வேற்றுத் துணியை ஒட்டுப் போட்டாற்போல் காணப்படும்.

அது நேர்ந்த விதம் இதுதான். பள்ளி விடுமுறையில் பெற்றோர்கள் கூடிக் கோத்தோங்-ரோயோங் முறையில் சாயம் பூசினார்கள். ஐந்து லிட்டர் டின் ஒன்று கடைசிக்கு முன்பே தீர்ந்துவிட்டது. செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியான ஒரு தந்தை மோட்டார் சைக்கிளில் போர்ட் டிக்சனுக்கு விரைந்தார். முதலில் வாங்கிய நிறுவனத்தின் சாயம் அங்கு இல்லை. வேறொரு நிறுவனத்தின் டின்னை எடுத்துக் காட்டிய தவுக்கே, அதுவும் ‘நேவி புளூ’தான் என்றார். அட்டையில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. வாங்கி வந்து பூசினார்.

அடுத்த வாரம் மாலைக் கூட்டத்தின்போது சுவர் காட்டிக் கொடுத்தது. மலிவுச் சாயத்தை வாங்கி மீதிப் பணத்தை மறைத்துவிட்டார் என்றும், தண்ணீரை அதிகம் கலந்துவிட்டார் என்றும் சிலர் பேசினர். “ஐயா, டின்னில் இருந்ததைத்தான் பூசினேன்” என்றார் அவர். நாமும் பலர் முன்னிலையில், “பார்த்து வாங்கியிருக்கலாமே” என்று கடிந்துகொண்டோம். அதன்பின் நெடுநாள் அவர் பள்ளிப் பக்கம் வரவில்லை. அச்சொல்லை இம்மலரில் நாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அவர் பார்த்துத்தான் வாங்கினார். பார்வையால் மட்டும் அறிய இயலாத செய்தி அது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். 1748ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசக் கடற்படை அதிகாரிகளுக்குக் கருநீலச் சீருடை வகுக்கப்பட்டது. கடற்படையை ஒட்டியே அந்நிறத்திற்கு ‘நேவி புளூ’ என்னும் பெயர் நிலைத்தது. (மாணவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு: நம் ஊர்ப்பெயரில் உள்ள ‘பெலண்டோக்’ சருகுமானைக் குறிக்கும். லூமுட்டில் உள்ள அரச மலேசியக் கடற்படைப் பயிற்சித் தளத்தின் பெயரும் ‘கே.டி. பெலண்டோக்’ என்பதே!) ஆனால் அப்பெயரால் குறிக்கப்படும் நிறம் ஒன்றன்று. எவ்வளவு கருமை, எவ்வளவு நீலம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. ஜெர்மானியர்கள் 1927இல் நாற்பது நிறங்களுடன் தொடங்கிய ‘ரால்’ என்னும் நிறவரிசையில் கருநீலச் சாயல்கள் பல உள்ளன. 5004 ஓர் எண், 5011 மற்றோர் எண். பெயரை மட்டும் சொல்லிச் சாயம் கேட்பது, ‘முனியாண்டியின் மகன்’ என்று சொல்லித் தோட்டத்தில் ஓர் ஆளைத் தேடுவது போன்றது. எந்த முனியாண்டி?

இனி டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாயத்திற்கு நிறம் தருவது நிறமி எனப்படும் நுண்தூள். பழங்காலத்தில் துணிக்கு நீலம் தந்தது தமிழகத்திலும் பயிரான அவுரிச் செடி. வெள்ளைத் துணிக்கு நம் பாட்டிமார் போட்ட சலவை நீலம் வேறு வகை. அது செவ்வொளியைச் சற்றே தாங்கிய நீலம். இன்று சுவர்ச் சாயங்களில் மிகுதியாகப் பயன்படும் நீலமோ 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்மவுத் நகரில் தற்செயலாக வெளிப்பட்டது. வெண்ணிறப் பொருள் ஒன்றைத் தயாரித்த தொழிற்சாலையில், உட்பூச்சு விரிந்த இரும்புக் கலத்தில் நீலக் கறை படிந்தது. கறை எப்படி வந்தது என்று ஆராயப் புகுந்தவர்கள் ஒரு புதிய நிறமிக் குடும்பத்தையே கண்டார்கள். 1935இல் அது ‘மொனாஸ்ட்ரல் புளூ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தாலோசயனின் என்பது அந்நிறமியின் பெயர். அது பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம்.

ஒரு நிறுவனம் தாலோசயனின் நீலத்தோடு கரித்தூளைச் சேர்த்துக் கருநீலம் செய்யலாம். மற்றொன்று அதே நீலத்தோடு ஊதா நிறமியையும் கலக்கலாம். வெயிலில் இரண்டும் நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். ஆனால் வெயிலில் எல்லா நிறக் கதிர்களும் நிறைந்துள்ளன. மஞ்சள் விளக்கில் செங்கதிர் மிகுதி, நீலக்கதிர் குறைவு. குழல் விளக்கில் வேறு விதமான அளவு. விழும் ஒளி மாறும்போது, ஊதா கலந்த சாயம் ஒரு வகையாகவும் கலவாத சாயம் வேறு வகையாகவும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே பகலில் இணைந்திருந்த இரண்டும் இரவில் பிரிந்துவிடுகின்றன. நம் சுவரில் நிகழ்ந்தது இதுவே. மாணவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெவ்வேறு கடைகளில் வாங்கிய இரண்டு கருநீலப் பள்ளிச் சீருடைகளை முதலில் முற்றத்து வெயிலிலும், பின்னர் விளக்கொளியிலும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

கருமையான நிறத்திற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. வெளிர்நிறச் சாயங்களில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள் மிகுதி. அதுவே அடிச்சுவரை மறைக்கிறது. கருநீலத்தில் வெள்ளை மிகக் குறைவு. ஆகையால் இரண்டு பூச்சில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று பூச்சு தேவைப்படுகிறது. நம் கணக்குத் தவறியதும் இங்கேதான். சுவர் அறுபதடி நீளம், நான்கடி உயரம். அதாவது 240 சதுர அடி, ஏறத்தாழ 22 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் பரவும். இரண்டு பூச்சுக்கு ஐந்து லிட்டர் போதும். மூன்று பூச்சுக்கு ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். இக்கணக்கைப் போட்டவர் அந்தத் தந்தையல்லர், நாமே.

பளபளப்பையும் கவனிக்க வேண்டும். ஒரே கலவையாயினும் பளபளப்பான சாயம் ஆழ்ந்த நிறமாகவும், பளபளப்பற்றது சாம்பல் பூத்தாற்போலவும் தெரியும். நிறம் பொருந்தவில்லை என்று புலம்புவோரில் பலருக்குப் பொருந்தாதது இதுதான்.

அப்படியாயின் வேறு நிறுவனச் சாயத்தில் பழைய நிறத்தைப் பெறவே இயலாதா? பெரும்பாலும் இயலும். பெரிய சாயக் கடைகளில் நிறத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அது மாதிரியின் மீது ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு நிறக் கதிரிலும் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, தன் நிறுவனத்து நிறமிகளில் எதை எத்தனை துளி சேர்ப்பது என்று கணித்துச் சொல்லும். ஒரு நிறுவனத்தின் துளிக்கணக்கு மற்றொன்றின் இயந்திரத்திற்குப் பொருந்தாது. நிறமிகளின் வீரியம் வேறு. கருநீலம் தன்மீது விழும் ஒளியில் நூற்றில் பத்துப் பங்குகூடத் திருப்பித் தருவதில்லை. ஆதலால் ஒரு துளிக் கறுப்பு கூடினாலும் நிறம் மாறிவிடும். கருவி சொன்னதை முடிவாகக் கொள்ளாமல் சிறிதளவு கலக்கச் சொல்லி, ஒரு பலகையில் இரண்டு பூச்சுப் பூசி, நன்றாகக் காய்ந்தபின் சுவரோரம் நிறுத்திக் காலையிலும் இரவு விளக்கிலும் பார்க்க வேண்டும். ஈரச் சாயத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவதும் பயனற்றது. படம் நிறத்தைத் தன் போக்கில் மாற்றிக்கொள்ளும்.

மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்பதில் நாம் ஒரு பாடம் கற்றோம். சுவரை அழகு கெடுக்கக்கூடாது என்றெண்ணி, அறிவிப்புப் பலகைக்குப் பின்னிருந்து தீப்பெட்டி அளவு சாயத் துண்டைப் பெயர்த்தோம். அது வெயில் காணாத துண்டு; சுவரோ வெளுக்கத் தொடங்கியிருந்தது. அதற்கேற்பக் கலந்த சாயம் பலகையில் கூடுதல் கருமையாக நின்றது. மீண்டும், வெயில் பட்ட பக்கத்தில் பெயர்த்துக் கொடுத்தோம்.

இரண்டாம் கலவை நன்கு பொருந்தியது. ஆயினும் பதினைந்தடியை மட்டும் பூசி நிறுத்தவில்லை. ஐந்து லிட்டர் டின் ஒன்றிலிருந்தே அறுபதடிக்கும், தூண் முதல் தூண் வரை, ஒரே மூச்சில் பூசப்பட்டது. அடியில் கருநீலம் இருந்தமையால் ஒரு பூச்சே போதுமானதாயிற்று. (ஒன்றுக்கு மேற்பட்ட டின் தேவைப்படும் வேலையாயின், எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே தொடங்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு டின்கள்கூடச் சில வேளை வேறுபடும்.)

பூசியவர் அதே தந்தை. நாம் அவர் வீட்டுக்குச் சென்று கேட்டுக்கொண்டபின் வந்தார். மீதிச் சாயம் இறுக மூடிய டின்னில் பள்ளிப் பண்டக அறையில் இருக்கிறது. மூடியின்மேல் ஒரு பொட்டுச் சாயமும், நிறுவனத்தின் பெயரும், கலவை எண்ணும், நாளும் குறிக்கப்பட்டுள்ளன. கையெழுத்து அவருடையது.