பழைய துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வழக்கம்போல அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வங்கிக் காவலாளிகள், துப்பாக்கி சுடும் வீரர்கள் என்று சிலருக்குத்தான் விலக்கு. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ல் ஓட்டுப்போட்டு முடித்தாலும் ஜூன் 4-ல் முடிவு வரும்வரை அது உள்ளேதான். தாம்பரம், பல்லாவரம், சேலையூர் பக்கங்களில் பங்குனியில் கொடுத்த துப்பாக்கி, கத்திரி கழிந்துதான் வீடு திரும்பியது. எண்ணெய் பூசிக் கொடுத்திருந்தால் இரும்பு தாக்குப்பிடிக்கும். மரம் அப்படியல்ல.

துப்பாக்கியின் கட்டை வெறும் கைப்பிடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் குறியில் பாதி அதன் கையில் இருக்கிறது. சுடும்போது குழல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால்தான் குண்டு ஒரே இடத்தில் போய் விழும். மரமோ ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் நீளவாக்கில் அல்ல, குறுக்குவாக்கில். ஐப்பசி அடைமழையில் குழலின் ஒரு பக்கம் அழுத்தும் முன்கட்டை, சித்திரையில் அதைத் தொடாமலே இருக்கலாம். சுடுபவர் தன் கையைச் சந்தேகிப்பார், குற்றவாளி மரம்.

நம் ஊரில் தனியார் கையில் இருக்கும் பழைய ரைஃபிள் என்றால் பெரும்பாலும் .315 தான். மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, 'த்ரீ நாட் த்ரீ' என்று நாம் அறிந்த லீ-என்ஃபீல்டின் சாயலில் செய்தது அது. .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குத் தடை, அந்தத் தடைதான் .315-ஐப் பிழைக்க வைத்தது. காவல் துறையிலோ .303 நீண்ட காலம் நின்று ஆடியது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தன்றுதான் அதற்கு விடை கொடுத்தது.

லீ-என்ஃபீல்டுக்குக் கட்டை ஒரே துண்டு அல்ல. தோளில் பதியும் பின்கட்டை தனி, குழலைத் தாங்கும் முன்கட்டை தனி. பின்கட்டையே நான்கு நீளங்களில் வந்தது. ஒன்றுக்கொன்று அரை அங்குல வித்தியாசம். ஆளின் கைக்கு ஏற்ற நீளத்தைக் கொடுப்பது பட்டாளத்து வழக்கம்.

கட்டையை மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். பின்கட்டைக்குள் நெடுக ஒரு நீள போல்ட் ஓடுகிறது. பழைய மார்க் 3 வகையில் அதன் முனை சதுரம். முன்கட்டையின் பின்புறத்தில் உள்ள சிறு தகட்டில் அது உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் சதுர முனை சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். புதுசு போட வந்தவர் நன்றாக இருந்த பழசையும் சேர்த்து உடைப்பது இப்படித்தான்.

கடையில் வாங்கிய புதுக் கட்டை அப்படியே பொருந்திவிடும் என்று நம்புவது அப்பாவித்தனம். போர்க்காலத்தில் பல ஆலைகளில் கடைந்த இரும்பு, இன்று எந்திரம் வெட்டிய குழிக்குள் அச்சாக உட்காராது. உலோகத்தின் அடியில் விளக்குக் கரியை மெல்லப் பூசி, கட்டையில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். கரி ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் சுரண்டிவிட்டு, மறுபடி கரி, மறுபடி சுரண்டல். பொறுமை இல்லாதவர் ஒரே மூச்சில் ஆழமாகச் செதுக்கிவிட்டு, பிறகு பள்ளத்தில் எபாக்ஸிப் பசையைக் கொட்டுவார்.

எபாக்ஸி தப்பில்லை, அதற்கான இடம் இருக்கிறது. சுடும்போது பின்னோக்கி வரும் உதை முழுதும் முன்கட்டையின் இரண்டு சிறு தோள்களில்தான் இறங்குகிறது. அங்கே மரம் நசுங்கினால் குறி போயிற்று. இஷாப்பூர்க்காரர்கள் அந்த இடத்தில் உலோகத் தகடு பதித்து, குறுக்கே ஒரு திருகும் போட்டுக் கட்டையைப் பலப்படுத்தினார்கள். நம் புழுக்கத்துக்கு அது அருமையான யோசனை. பிளாஸ்டிக் கட்டை இன்னும் தொல்லையற்றது. பார்க்கத்தான் தாத்தாவுக்கு ஜீன்ஸ் மாட்டியதுபோல இருக்கும். ராணுவத்தில் அந்தக் கூச்சம் கிடையாது. பழைய ஏ.கே. 47-க்கு நீளம் மாற்றக்கூடிய பட், புதுப் பிடி எல்லாம் மாட்டிக் கொடுப்பதையே பெங்களூரின் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் ஒரு தொழிலாகச் செய்கிறது.

வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து இதையெல்லாம் செய்துவிடலாமா? கூடாது. துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும், 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவுப்படி தனி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள ஆயுதக் கடைக்கு எடுத்துப் போவதே முறை. 'கட்டையோடு குழலையும் கொஞ்சம் குறைத்துவிடலாமே' என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்கக் கூடாது. அதற்கு 6-ம் பிரிவு காத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே புதுசு வாங்குவதைவிடப் பழசைச் சீர்செய்வதே பலருக்கு வழி.

இதே பொருத்தப் பிரச்சினை ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகளுக்கும் உண்டு. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்தப் போட்டிக்கான துப்பாக்கி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. இன்று அதன் கட்டை பெரும்பாலும் அலுமினியம். கன்னம் வைக்கும் பலகையை ஏற்றலாம், இறக்கலாம், தோள் தகட்டை நகர்த்தலாம். பழைய மரக்கட்டையில் பழகும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் சரியாக இருந்த நீளம் பத்தாம் வகுப்பில் போதாது. முழங்கை மடிப்பில் கட்டையின் பின்முனையை வைத்து, விரல் டிரிகரைத் தொடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். விரல் தாண்டிப் போனால் தோள் தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் போட்டு, குறியை மறுபடி சரிபார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.