பெரிய சொல் எளிது, சிறிய சொல் அரிது

ஆங்கிலப் பாடத்தில் நீண்ட சொல் ஒன்று வந்துவிட்டால் வகுப்பில் பெருமூச்சு எழும். கைகள் அகராதியைத் தேடும். ஆனால் அதே சொல்லைக் கண்டதும் முகம் மலரும் மாணவியரும் உலகில் உள்ளனர் என்றால் நம்புவீர்களா? ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவர்கள். ஸ்பெயின், மெக்சிகோ, பெரு, சிலி, அர்ஜென்டினா, கியூபா முதலிய சுமார் இருபது நாடுகளில் வழங்குவது அம்மொழி. அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளும், லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியாரும் எழுதிய மொழியும் அதுவே. அம்மொழியினர் ஆங்கிலத்தின் உயர்தரச் சொற்களைக் கற்கும் முறையில் நமக்குப் பயன்படும் செய்திகள் பல உள்ளன. அவற்றைச் சற்றுக் காண்போம்.

இலத்தீன் தந்த உறவு

கி.மு. 218-ஆம் ஆண்டில் ரோமானியப் படைகள் ஸ்பெயின் நாட்டில் கால் வைத்தன. அவர்கள் பேசிய இலத்தீன் மொழியே காலப்போக்கில் திரிந்து ஸ்பானிய மொழி ஆயிற்று. ஆங்கிலத்தின் பிறப்பு வேறு. அது ஜெர்மானியக் குடும்பத்து மொழி. ஐந்தாம் நூற்றாண்டில் கடல் கடந்து பிரிட்டனில் குடியேறியவர்கள் கொண்டுவந்தது. ஆகவே இவ்விரு மொழிகளும் உடன்பிறந்தவை அல்ல; தூரத்து உறவினரே.

அவ்வாறாயின் ஆங்கிலத்தில் இத்தனை இலத்தீன் சொற்கள் புகுந்தது எவ்வாறு? மூன்று வாசல்கள் வழியாக எனலாம். முதல் வாசல் திருச்சபை. திருத்தந்தை பெரிய கிரகோரியார் அனுப்பிய அகுஸ்தீன் என்னும் துறவி 597-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்கு வந்து நற்செய்தி அறிவித்தார். வழிபாட்டோடு இலத்தீன் சொற்களும் வேரூன்றின. திருப்பலியை ஆங்கிலர் "மாஸ்" என்பர், ஸ்பானியர் "மிசா" என்பர். ஆயரை அவர்கள் "பிஷப்" என்பர், இவர்கள் "ஒபிஸ்போ" என்பர். மெழுகுதிரி அங்கே "கேண்டில்", இங்கே "கந்தேலா".

இரண்டாம் வாசல் போர். 1066-ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் இலத்தீனின் மகளான பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. மூன்றாம் வாசல் கல்வி. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் புதுக் கருத்துகளுக்கு இலத்தீனிலிருந்தே சொற்களை எடுத்தனர்.

இதனால் ஆங்கிலத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. வீடு, வயல், அடுப்பங்கரை பற்றிய சொற்கள் பெரும்பாலும் ஜெர்மானியச் சொற்களாகவே நின்றன. சட்டம், அறிவியல், சமயம், புலமை பற்றிய சொற்கள் இலத்தீன் வழி வந்தவை ஆயின.

அவர்களுக்கு எளிதான பெரிய சொற்கள்

ஆங்கிலத்தில் "எடிஃபிஸ்" என்றால் மாளிகை போன்ற பெருங்கட்டடம். படித்தவர் நாவில் மட்டுமே வரும் சொல். ஸ்பானியக் குழந்தைக்கோ எந்தக் கட்டடமும் "எடிஃபீசியோ"தான். நிலா "லூனா" என்பதால் "லூனார்" என்ற சொல் அவளுக்குப் புதிரன்று. மரம் "ஆர்போல்" என்பதால் "ஆர்போரியல்" என்றதும் மரத்தோடு தொடர்புடையது என்று ஊகித்துவிடுவாள். நல்லெண்ணம் உடையவரைக் குறிக்கும் "பெனவலென்ட்" அவளுக்குப் "பெனேவொலோ".

சொல்லின் ஈறுகளிலும் ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்தில் "-ஷன்" என முடிவது ஸ்பானியத்தில் பெரும்பாலும் "-சியோன்" என முடியும்: நேஷன், நாசியோன். "-ட்டி" என்பது "-தாத்" ஆகும்: யுனிவர்சிட்டி, உனிவெர்சிதாத். இத்தகைய நாலைந்து விதிகளை அறிந்துகொண்டால் ஆயிரக்கணக்கான சொற்களின் கதவு திறந்துவிடும்.

ஆங்கிலத்திற்கு ஸ்பெயின் அளித்த கொடையும் உண்டு. செர்வாந்தேஸ் என்ற எழுத்தாளர் 1605-லும் 1615-லும் இரு பாகங்களாக வெளியிட்ட கதையின் நாயகன் தோன் கிஹோத்தே. காற்றாலைகளை அரக்கர்கள் என எண்ணிப் போரிடப் போனவன் அவன். நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியத்தின் பின்னே ஓடுவதை ஆங்கிலத்தில் "குவிக்சாட்டிக்" என்பது அவன் பெயராலேயே.

முகம் ஒன்று, பொருள் வேறு

உறவினர் எல்லோரும் நம்பத்தக்கவர் அல்லரே! உருவத்தில் ஒத்திருந்து பொருளில் வேறுபடும் சொற்களை மொழியாசிரியர்கள் "பொய் நண்பர்கள்" என்று அழைப்பர். ஸ்பானியத்தில் "எக்ஸிதோ" என்றால் வெற்றி. ஆங்கில "எக்சிட்" வெளியே செல்லும் வழி. "லிப்ரெரியா" புத்தகக் கடை; "லைப்ரரி" நூலகம். "கார்ப்பேத்தா" தாள்களை வைக்கும் உறை; "கார்ப்பெட்" தரைவிரிப்பு. சளி பிடித்த ஸ்பானியச் சிறுமி தன் மொழியில் "கொன்ஸ்திபாதா" என்பாள். அதையே ஆங்கிலமாக்கிச் சொன்னால் ஆசிரியை அவளுக்கு மலச்சிக்கல் என்றல்லவா எண்ணுவார்!

உயர்தரச் சொற்களில் இந்தக் கண்ணிகள் இன்னும் நுட்பமானவை. ஆங்கிலத்தில் "இன்ஜெனுயிட்டி" என்றால் புதிது புனையும் மதிநுட்பம். ஸ்பானிய "இன்ஹெனுயிதாத்" கள்ளமற்ற வெகுளித்தனம். ஸ்பானியத்தில் "நொத்தோரியோ" என்றால் யாவரும் அறிந்தது என்ற பொருள் உண்டு. ஆங்கில "நொட்டோரியஸ்" என்பதோ கெட்ட பெயர் எடுத்தவரைக் குறிக்கும். பாராட்ட நினைத்து இகழ்ந்துவிட நேரும்.

இது வெறும் சிரிப்புக்குரிய செய்தி அன்று. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். அவன் குடும்பத்தார் கியூபா நாட்டவர். உண்ட உணவு ஒவ்வாமல் போயிற்று என்று எண்ணி "இன்தொக்சிகாதோ" என்ற சொல்லைக் கூறினர். அது ஆங்கிலத்தில் "இன்டாக்சிகேட்டட்" என்று கொள்ளப்பட்டது. போதைப் பொருளை அளவுக்கு மீறி உட்கொண்டவனாகக் கருதிச் சிகிச்சை நடந்தது. உண்மையில் அவன் மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது கண்டுபிடிக்கப்படுமுன் காலம் கடந்துவிட்டது. இரு கைகளும் இரு கால்களும் செயலிழந்தன. அன்று அங்கே தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இல்லை. இரு மொழிகளும் அறிந்தவர் ஒருவர் நின்று அந்த ஒரு சொல்லைத் திருத்தியிருந்தால்! சொல்லைச் சரியாக அறிவது பிறர் உயிரைக் காக்கும் கடமையும் ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சிறிய சொற்களின் சோதனை

ஸ்பானியர் உண்மையில் திணறுவது சின்னஞ்சிறு சொற்களிடத்தில்தான். "புட்" என்றால் வை. "புட் ஆஃப்" என்றால் தள்ளிப்போடு. "புட் அப் வித்" என்றால் பொறுத்துக்கொள். இவற்றிற்குப் பதிலாக அவர்கள் தம் மொழிச் சாயலில் "போஸ்ட்போன்", "டாலரேட்" என்றே பேசுவர். பிழை இல்லை, ஆனால் விளையாட்டுத் திடலில் ஒரு சிறுமி நீதிபதியைப் போலப் பேசினால் எப்படி இருக்கும்? தேர்வில் அழகான கட்டுரை எழுதும் பெண், தோழியின் வீட்டு அடுப்பங்கரையில் வாய் திறக்கத் தயங்குகிறாள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒருவன் நடந்த விதத்தையே ஆங்கிலம் வினைச்சொல்லாக்கிவிடும். நொண்டி நடப்பது "லிம்ப்", களைத்துக் காலை இழுத்து நடப்பது "ட்ரட்ஜ்", நுனிக்காலில் நடப்பது "டிப்டோ". ஆங்கிலர் "லிம்ப்" என்ற வினையாலேயே அறைக்குள் போனதையும் சொல்லிவிடுவர். ஸ்பானியரோ "நொண்டிக்கொண்டே நுழைந்தான்" என்பர். தமிழர் நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! ஆகவே இந்த இடத்தில் அவர்களுடைய இடர்ப்பாடே நம்முடையதும்.

எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதும் முக்கியம். நாம் "கனமழை" என்பதுபோல ஆங்கிலரும் மழையைக் கனமானது என்பர். ஸ்பானியர் வலிமையானது என்பர். நாமும் ஸ்பானியரும் முடிவை "எடுக்கிறோம்". ஆங்கிலரோ பெரும்பாலும் முடிவைச் "செய்கின்றனர்".

உச்சரிப்பும் தொல்லைதான். ஸ்பானியத்தில் உயிரொலிகள் ஐந்தே. ஆகவே "ஷிப்", "ஷீப்" இரண்டும் அவர்கள் காதில் ஒன்றாகவே விழும். "ஸ்கூல்" என்பதற்கு முன் ஓர் "எ" சேர்த்து "எஸ்கூல்" என்பர்.

கற்கும் வழிகள்

உயர்நிலை ஆங்கிலம் விளையாட்டன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அயல்மொழியினருக்கான உயர்நிலை ஆங்கிலத் தேர்வை முதன்முதலாக 1913-இல் நடத்தியபோது எழுதியவர் மூவர், ஒருவரும் தேறவில்லை! ஆனாலும் முறையாக முயன்றால் முடியாதது இல்லை. ஸ்பானிய மாணவியருக்கு உதவும் வழிகள் இவை:

1. சொல்லைத் தனியே எழுதாமல் முழு வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதுதல்.

2. ஒரு வேரிலிருந்து பிறந்த சொற்களை ஒரே குடும்பமாகச் சேர்த்துப் படித்தல்.

3. பொய் நண்பர்களுக்குத் தனிப் பட்டியல் வைத்தல். தெரிந்த முகமாயினும் அகராதியைப் பார்த்தே நம்புதல்.

4. ஒவ்வொரு பெரிய சொல்லுக்கும் பக்கத்தில் அதே பொருள் தரும் சிறிய சொல்லையும் எழுதி, எது எங்கே பொருந்தும் என அறிதல்.

5. கதைப் புத்தகங்களை வாய்விட்டு வாசித்தல். வீட்டுப் பேச்சுச் சொற்கள் அங்கேதான் கிடைக்கும்.

இவற்றுள் முதல் வழியும், கடைசி இரண்டும் நமக்கும் அப்படியே பொருந்தும் அல்லவா?

நமக்கும் ஓர் உறவு

ஸ்பானியச் சொற்கள் நமக்கு முற்றிலும் அன்னியம் என்று எண்ண வேண்டாம். அம்மொழியின் தங்கையாகிய போர்ச்சுகீசியத்திலிருந்து நாம் பெற்ற மேசை, அலமாரி, பாதிரி ஆகியவை ஸ்பானியத்தில் "மேசா", "அர்மாரியோ", "பாத்ரே" என்று வழங்குகின்றன. ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் பிறந்த புனித சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது தமிழ் அறியாதவராகவே வந்தார். இரு மொழிகளும் தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றை மனனம் செய்து, மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அந்த அறிஞர், மீனவர் வீட்டுக் குழந்தைகளுக்குப் புரியும் சொற்களைத் தேடித் தாமே மாணவரானார்.

அன்புத் தோழியரே, பெரிய சொற்களைக் கற்போம்; அவை உயர்கல்விக்குத் தேவை. ஆனால் பசித்தவரிடமும் நோயுற்றவரிடமும் பேச உதவும் சிறிய சொற்களை எளியவை என்று தள்ளிவிடாமல் அவற்றையும் அதே கவனத்தோடு கற்போம்.